சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல

மயிலாப்பூர் மாட வீதியிலோ தி.நகர் உஸ்மான் சாலையிலோ மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று, "கண்ணு செவந்து வலிக்குதுங்க, டிராப்ஸ் ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். சிவந்த கண் என்றாலே சென்னைக்காரர்களுக்கு மெட்ராஸ் ஐதான். அதில் உறுத்தலும் பீளையும் இருக்கும். வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குள் ஆழமாக இழுத்துப் பிடிக்கிற வலி என்றால் அது வேறு சங்கதி.

கருவிழியில் கீறல் விழுந்தாலோ உள்ளே ஐரிஸில் அழற்சி கண்டாலோ, கிட்டப் பார்வைக்குக் கண்ணைக் குவிக்கும் சிலியரி தசை சுருங்கி இறுகிவிடும். அந்தத் தசைக்கு ஓய்வு தரத்தான் டாக்டர் ஹோமட்ரோபின், சைக்ளோபென்டோலேட், அட்ரோபின் போன்ற சொட்டு மருந்துகளை எழுதுகிறார். கண்பாப்பா விரியும், வலி தணியும். வீங்கிய ஐரிஸ் பின்னாலுள்ள லென்ஸில் ஒட்டிக்கொள்வதும் தடுக்கப்படும். அழற்சிக்கு மட்டும் தனி மருந்து வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கண் அழுத்தம் திடீரென ஏறினாலும் இதே சிவப்பு, இதே வலி. கூடவே தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். அந்தக் கண்ணில் பாப்பாவை விரிக்கும் மருந்தை விட்டால் அழுத்தம் மேலும் ஏறி, பார்வை நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். ஸ்டீராய்டு சொட்டும் ஐரிஸ் அழற்சிக்கு உதவும். ஆனால் ஹெர்பீஸ் புண்ணையோ பூஞ்சைப் புண்ணையோ முற்றவைக்கும். ஸ்லிட் லாம்ப்பும் அழுத்தப் பரிசோதனையும் இல்லாமல் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் இதையெல்லாம் எப்படிப் பிரித்தறிவார்? பரிசோதனையின்போது விடும் மரப்புச் சொட்டு நொடியில் வலியை நிறுத்துவதால் அதையே வீட்டுக்குக் கேட்பவர்கள் உண்டு. தரக்கூடாது, தொடர்ந்து விட்டால் கருவிழிப் புண் ஆறாது.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டை எழுதித் தரும்போதே பார்வை மங்கல் எத்தனை நாள் என்று கேளுங்கள். சைக்ளோபென்டோலேட் ஏறக்குறைய ஒரு நாள், ஹோமட்ரோபின் ஒன்றிலிருந்து மூன்று நாள். அட்ரோபின் ஒரு வாரத்தைத் தாண்டும். அதுவரை அடையாறு சிக்னலில் பைக் ஓட்டுவது வேண்டாம். சொட்டு விட்டபின் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்பில் கலப்பது குறையும். குழந்தைக்கு முகம் சிவந்து, காய்ச்சலும் உளறலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. செலவுக்குப் பயந்து கடைக்குப் போக வேண்டியதில்லை. 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். அதில் பேட்ச் எண் இருக்க வேண்டும். திருப்போரூர் பக்கம் குளோபல் பார்மா தயாரித்த செயற்கைக் கண்ணீர் மருந்து 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அதோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித் தொற்றில் அமெரிக்காவில் 81 பேர் பாதிக்கப்பட்டு, நால்வர் இறந்தார்கள். தமிழ்நாட்டு அதிகாரிகளோ, தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றார்கள். இப்படிப்பட்ட விசாரணையில் பேட்ச் எண்தான் துருப்பு.

மருந்துச் சீட்டு இல்லாமல் விற்றதையும் தரக் குறையையும் தேனாம்பேட்டை மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாராக எழுதலாம். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், எழுத்தில் கேளுங்கள். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழி கேட்க 1915. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, ஆனால் புகார் முடியும்வரை குப்பையில் போடவும் கூடாது.