ரோலிங் ஸ்டோன்ஸுக்கு ஒரு கெடு

2022 கோடையில் ஐரோப்பாவைச் சுற்றிப் பாடி முடித்த கையோடு, மிக் ஜாகர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு ஒரு கெடு வைத்தார். கிறிஸ்துமஸுக்குள் ஒலிப்பதிவு, அடுத்த பிப்ரவரி 14, காதலர் தினத்துக்குள் ஆல்பம் கையில் இருக்க வேண்டும். இது நடக்கிற காரியமா என்று கீத்துக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் சரி என்று தலையாட்டினார். பின்னாளில் ஜாகரே சொன்ன கதை இது. அப்போது ஒருவருக்கு வயது 79, இன்னொருவருக்கு 78. சொந்தப் பாடல்கள் கொண்ட முழு ஆல்பம் ஒன்றை ரோலிங் ஸ்டோன்ஸ் கடைசியாகத் தந்தது 2005-ல். ‘எ பிக்கர் பேங்’ என்ற அந்த ஆல்பத்தின்போது பிறந்த குழந்தை அதற்குள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் வயதுக்கு வந்திருந்தது.

இந்த நீண்ட இடைவெளிக்கு வயதைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வருடங்களில் பெரும்பகுதி இவர்கள் மேடையில்தான் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் ஜாகருக்கு இதய வால்வில் சிகிச்சை நடந்தது. ஜூன் மாதம் சிகாகோ ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பு ஒத்துழைத்தது, விரல்களும் ஒத்துழைத்தன. முடித்துக் கொடு என்று தலைமேல் நின்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. இந்தக் குழுவின் அறுபது வருடக் கதையை அப்படிப் படித்துப் பார்க்கலாம்: கடிகாரம் யார் கையில் இருந்தது?

1964-ல் அது நிச்சயமாக இவர்கள் கையில் இல்லை. முதல் ஆல்பம் பதிவானது லண்டன் டென்மார்க் தெருவில் இருந்த ரீஜென்ட் சவுண்ட் என்ற சின்ன ஸ்டூடியோவில். எதிரொலியை அடக்கச் சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவி என்று இருந்தது இரண்டே தடங்கள் கொண்ட ஒரு ரெவாக்ஸ் டேப் ரிக்கார்டர். டிரம்ஸின் சத்தம் பாடகரின் மைக்கில் புகும், கிட்டாரின் சத்தம் டிரம்ஸ் மைக்கில் புகும். பிரித்தெடுக்க வழியே கிடையாது. தப்பினால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த ஒரு சில நாட்களில் வேலை முடிந்தது. பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்கள். ஜாகர்–ரிச்சர்ட்ஸ் பெயரில் இருந்தது ஒன்றே ஒன்று. அட்டையில் குழுவின் பெயர்கூட இல்லை, ஐந்து முகங்களும் டெக்கா நிறுவனத்தின் முத்திரையும்தான். அந்தத் தட்டு பிரிட்டனில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அன்று கடிகாரத்தைப் பிடித்திருந்தவர் அவர்களுடைய மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம். அவருக்கே அப்போதுதான் இருபது வயது. அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். ஜாகரையும் தன்னையும் ஒரு சமையலறையில் வைத்துப் பூட்டி, பாட்டோடு வந்தால்தான் கதவு திறக்கும் என்று ஓல்டம் சொன்னதாகக் கீத் வாய் ஓயாமல் சொல்வார். அந்தப் பூட்டில் எவ்வளவு உண்மை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஓல்டமின் விரட்டல் நிஜம், அதற்குப் பலனும் இருந்தது. 1964 முதல் 1974 வரை பிரிட்டனில் 12 ஸ்டூடியோ ஆல்பங்கள் வந்தன. இடைவிடாத பயணம், போதைப்பொருள் வழக்குகள், குழுவைத் தொடங்கிய பிரையன் ஜோன்ஸ் 1969-ல் இறந்தது, எல்லாவற்றுக்கும் நடுவில் 12.

1971-ல்தான் முதன்முதலாக நேரம் இவர்களுக்குச் சொந்தமானது. டெக்கா ஒப்பந்தம் முடிந்துவிட்டது, சொந்த நிறுவனம் வந்துவிட்டது. பிரிட்டனின் வருமான வரிக்குப் பயந்து மொத்தக் குழுவும் பிரான்ஸின் தென்கரைக்குப் பெயர்ந்தது. வில்ஃபிரான்ஷ் கடலோரம் கீத் வாடகைக்கு எடுத்திருந்த நெல்கோட் என்ற மாளிகையின் நிலவறைதான் ஸ்டூடியோ. வாசலில் ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்திய இவர்களுடைய லாரி நின்றது. (அதே லாரியை அந்த வருடக் கடைசியில் டீப் பர்ப்பிள் குழு ஸ்விட்சர்லாந்துக்கு வாடகைக்குக் கொண்டுபோனது. சென்னையில் கிட்டார் பழகப் போகிற எந்தப் பையனும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கிற அந்த நாலு சுர ரிஃப், அந்த லாரியில் பதிவானதுதான்.) நெல்கோட் நிலவறையில் புழுக்கம் தாங்காமல் கிட்டார்கள் பாட்டு நடுவிலேயே சுருதி இறங்கின. ஹெராயின் பிடியில் இருந்த கீத் எப்போது மாடியிலிருந்து இறங்கி வருவார் என்று மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸின் வீடு பல மணி நேரப் பயணத் தொலைவு. மாதக் கணக்கில் இழுத்து, மீதியை லாஸ் ஏஞ்சல்ஸில் முடித்து, 1972 மே மாதம் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ என்ற இரட்டைத் தட்டு வந்தது. என் கணக்கில் இவர்களுடைய சிறந்த ஆல்பம் இதுதான். கடிகாரமே இல்லாமலும் நல்ல இசை பிறக்கும் என்பதற்குச் சாட்சி. ஆனால் 28 வயதில் ஒருமுறை செய்யலாம்; அதையே வழக்கமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வந்த சில ஆல்பங்கள் சாட்சி.

எண்பதுகளில் ஜாகருக்கும் கீத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. ஜாகர் தனி ஆல்பம் போட்டார், கீத் அதைத் துரோகமாகப் பார்த்தார். 1989 தொடக்கத்தில் பார்படாஸ் தீவில் உட்கார்ந்து பேசிச் சமாதானமானார்கள், ‘ஸ்டீல் வீல்ஸ்’ வந்தது. கூடவே ஒரு புது வியாபாரமும் வந்தது. மைக்கேல் கோல் என்ற கனடாக்காரர் ஊருக்கு ஊர் பேரம் பேசாமல், சுற்றுப்பயணம் முழுவதையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார். டிக்கெட், டி-ஷர்ட், விளம்பரதாரர் எல்லாம் ஒரே கணக்கில். அதுவரை தட்டு விற்க ஊர் ஊராகப் போனார்கள். அதன்பின் ஊர் ஊராகப் போவதற்கு ஒரு சாக்காகத் தட்டு போட்டார்கள். 1994, 1997, 2005 என்று ஆல்பம் வந்த ஒவ்வொரு முறையும் கூடவே உலகச் சுற்று. 2005-ல் தொடங்கி 2007 வரை ஓடிய பயணத்தின் டிக்கெட் வசூல் 55 கோடி டாலரைத் தாண்டியது, அன்றைக்கு உலகச் சாதனை. பிறகு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. 2012-ல் ஐம்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்குப் பழைய பாடல்களின் தொகுப்பில் இரண்டு புதுப் பாட்டு சேர்த்துக் கொடுத்தார்கள். அரங்கங்கள் நிரம்பின. கூட்டமும் பழைய பாட்டையே கேட்டது. மேடையில் புதுப் பாட்டு ஆரம்பித்தால் எழுந்து பீர் வாங்கப் போவது ராக் ரசிகர்களின் பழைய பழக்கம். இப்படி இருக்கும்போது எவன் உட்கார்ந்து புதுப் பாட்டு எழுதுவான்? சோம்பல்தான் காரணம் என்று ஜாகர் பின்னால் ஒப்புக்கொண்டார். சோம்பலுக்கு இவ்வளவு கூலி கிடைத்தால் யாரும் சோம்பேறிதான்.

முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் லண்டன் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டூடியோவில் புதுப் பாடல்களுக்காகக் கூடினார்கள். இசை பிடிபடவில்லை. கை சூடேறட்டும் என்று லிட்டில் வால்டரின் பழைய ப்ளூஸ் ஒன்றை வாசித்தார்கள், அது அமைந்துவிட்டது. இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றே நாளில் 12 ப்ளூஸ் பாடல்கள் பதிவாகி, அடுத்த வருடம் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ என்ற ஆல்பமாக வந்தன. அடுத்தவர் பாட்டு, ஒரே அறை, சில நாள் வேலை: டென்மார்க் தெருப் பையன்கள் வெள்ளை முடியோடு திரும்பி வந்ததுபோல இருந்தது. போட வந்த ஆல்பம் மட்டும் அப்படியே நின்றது. ஒலிப்பதிவுகள் அவ்வப்போது நடந்தன, துண்டும் துணுக்குமாகப் பாடல்கள் சேர்ந்தன. எதற்கும் முற்றுப்புள்ளி விழவில்லை.

2021 ஆகஸ்ட் 24 அன்று சார்லி வாட்ஸ் காலமானார். வயது 80. 1963-லிருந்து அந்த முக்காலியில் வேறு யாரும் நிரந்தரமாக உட்கார்ந்ததில்லை. அடிப்படையில் அவர் ஜாஸ் பிரியர். ராக் நட்சத்திரமாக இருப்பதில் அவருக்கு ஆர்வமே இருந்ததில்லை. தங்கிய ஹோட்டல் அறைக் கட்டில்களையெல்லாம் பல்லாண்டுகளாக நோட்டில் வரைந்து வைத்த மனிதர். இந்தக் குழுவின் தனித்தன்மை எது என்று கேட்டால் பலரும் ஜாகரின் இடுப்பைச் சொல்வார்கள், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் கீத்தின் ஐந்து தந்திக் கிட்டாரைச் சொல்வார்கள். சார்லியின் அடி கிட்டாருக்கு ஒரு மயிரிழை பின்தங்கி விழும். அந்த இழைதான் ரோலிங் ஸ்டோன்ஸ். தன் இடத்தில் வாசிக்க ஸ்டீவ் ஜோர்டான் தகுந்தவர் என்று, உடல்நலம் குன்றியபோதே அவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் காலம் எல்லையற்றதல்ல என்பது ஜாகர், கீத், இன்னொரு கிட்டார் கலைஞர் ரோனி வுட் ஆகிய மற்ற மூவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஜாகரின் கெடு வந்தது.

கெடு வைத்தால் போதாது, அதைக் காப்பாற்றக் கணக்குப்பிள்ளை வேண்டும். பால் மெக்கார்ட்னியின் சிபாரிசில் வந்தவர் ஆண்ட்ரூ வாட், நியூயார்க்காரர், 1990-ல் பிறந்தவர். ‘எக்ஸைல்’ வந்து 18 வருடம் கழித்துப் பிறந்த பையன்! தினமும் ஒரு ஸ்டோன்ஸ் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒரு பாட்டையே உருட்டிக்கொண்டிருக்க விடாமல், அமைந்ததும் அடுத்ததுக்கு நகர்த்தினார். தனித்தனியாகப் பதிந்து கணினியில் ஒட்டுவது எளிதாகிவிட்ட காலத்தில், எல்லாரையும் ஒரே அறையில் சேர்த்து வாசிக்க வைத்தார். மூன்று பாடல்களில் ஆசிரியராக அவர் பெயரும் இருக்கிறது. ஜாகர்–ரிச்சர்ட்ஸ் என்ற கோட்டைக்குள் வெளியாள் ஒருவரை விட்டது அதிசயம்தான். ஓல்டம் பார்த்த அதே வேலையைத்தான் வாட் பார்த்தார், சமையலறைப் பூட்டு மட்டும் இல்லை.

‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ 2023 அக்டோபர் 20 அன்று வெளியானது. லண்டன் ஹாக்னி பகுதியில் நொறுங்கிக் கிடக்கும் கண்ணாடிச் சில்லுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் அது. வெளியீட்டுக்கு முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் கண்ணாடிக் கடை விளம்பரம்போல ஒன்று போட்டார்கள், ஹாக்னி எம்பயர் அரங்கில் விழா நடத்தி யூடியூபில் நேரலை செய்தார்கள். 1970-ல் ஜான் பாஷ் என்ற ஓவிய மாணவர் 50 பவுண்டுக்கு வரைந்து கொடுத்த நாக்குச் சின்னம், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் பார்சிலோனா வீரர்களின் சட்டையில் இருந்தது. ஜாகரும் ரோனி வுட்டும் போய்ப் பார்த்தார்கள். பார்சிலோனா தோற்றது. 2024-ல் நடந்த அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு விளம்பரதாரர் ஏஏஆர்பி, ஓய்வுபெறும் வயதினருக்கான அமைப்பு! அட்டையில் பெயர்கூடப் போடாமல் தட்டு விற்ற குழு இது.

ஆல்பம் எப்படி? பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 2025-ல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமியும் வாங்கியது. எண்பது வயதுக் குரல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும், ஜாகர் அப்படிப் பாடியிருக்கிறார். மூட்டு வாதத்தால் தன் வாசிப்பு மாறிக்கொண்டு வருகிறது என்று சொன்ன கீத், வேறு வழிகளைக் கண்டுபிடித்து வாசிக்கிறார். என் குறை ஒலிக்கலவை பற்றியது. எல்லா வாத்தியமும் முன்வரிசைக்கு முண்டியடிக்கின்றன. முட்டை அட்டை ஒட்டிய அறையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த ஓசைக்கு இருந்த ஆழம் இதில் இல்லை. முதல் மூன்று பாடல்கள் கணக்குப்பிள்ளை வெற்றிகரமாக முடித்துக்கொடுத்த வேலையாகவே காதில் விழுகின்றன. லேடி காகா ஜாகரோடு பாட, ஸ்டீவி வொண்டர் கீபோர்டு வாசிக்கும் ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் மறுபடி எழுகிறது, கடிகாரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஆல்பத்தின் உச்சம் அதுதான். கடைசிப் பாட்டில் ஜாகரும் கீத்தும் மட்டும்: குழுவுக்குப் பெயர் கொடுத்த மடி வாட்டர்ஸின் பாடலை முதன்முறையாக ஸ்டூடியோவில் பதிந்திருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் பாட்டில் தொடங்காமல் நேரே ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் போங்கள். ‘மெஸ் இட் அப்’, ‘லிவ் பை தி ஸ்வோர்ட்’. 2019-ல் சார்லி வாசித்து வைத்துவிட்டுப் போன டிரம்ஸ் இந்த இரண்டில்தான் இருக்கிறது. எட்டாவது பாட்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் 1993-ல் குழுவை விட்டு விலகிய பில் வைமன். அதைக் கேட்டுவிட்டு ஆறாவது பாட்டுக்கோ ஒன்பதாவதுக்கோ வந்தால், ஸ்டீவ் ஜோர்டான் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பதும், இது இனி வேறு குழு என்பதும் இரண்டும் விளங்கும்.