டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறி நிற்கிறதா?

சர்வீஸ் முடியும் நேரத்தில் பல பட்டறைகளில் இந்தக் கேள்வி வரும்: "அண்ணே, கேன்ல கால் லிட்டர் மிச்சம் இருக்கு, ஊத்திடவா?" வண்டிக்காரரும் யோசிக்காமல் தலையாட்டுவார். காசு கொடுத்து வாங்கிய ஆயில், கேனில் கிடந்து என்ன ஆகப்போகிறது? ஆயில் குறைந்தால் என்ஜின் சீஸ் ஆகிவிடும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. கூடினால் என்ன ஆகும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. டீ சொல்லியாயிற்று. குடித்து முடிப்பதற்குள் பேசிவிடலாம்.

என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிதான் சம்ப். அதற்குச் சற்று மேலே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் வினாடிக்கு 33 தடவைக்கும் மேல். சுற்றும்போது அது சம்பில் நிற்கும் ஆயிலைத் தொடக் கூடாது. டிப் ஸ்டிக்கின் மேல் கோடு அந்தக் கணக்கில் போட்டது. ஆயில் மிகவும் ஏறி நின்றால் கிராங்க் அதை அடித்துக் கலக்கும். டீ மாஸ்டர் தூக்கி ஆற்றிய டீயைப் பாருங்கள்: கிளாஸ் விளிம்புவரை நிற்கிறது, ஆனால் மேலே பாதி நுரைதான். சம்பிலும் அதுதான் நடக்கிறது. பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. பேரிங்கில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே நின்று எடையைத் தாங்க வேண்டிய ஆயில் படலத்தில் காற்றுக் குமிழ் வந்தால், எடை ஏறியதும் அது அமுங்கிவிடும். பிறகு உலோகத்தோடு உலோகம் உரசும். ஆயில் பற்றாமல் தேயும் என்ஜினுக்கும் ஆயில் மிஞ்சித் தேயும் என்ஜினுக்கும் கடைசியில் ஒரே கதிதான். போதாக்குறைக்கு ஆயில் சூடேறும், உள்ளழுத்தம் கூடி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

இதுவரை சொன்னது பெட்ரோல் என்ஜினுக்கும் பொருந்தும். டீசலுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் ஓட்டம் முடிந்தது. டீசலில் பொறியே கிடையாது. உள்ளே வந்த காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை இன்ஜெக்டர் தெளிக்கும் டீசலின் அளவுதான் முடிவு செய்கிறது. அப்படித் தெளிப்பது டீசலாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கடலை எண்ணெயையே எரிக்கும் என்ஜின், தன் சொந்த ஆயில் கிடைத்தால் விடுமா?

அந்த ஆயில் போய்ச் சேர ஒரு வழியும் இருக்கிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் புகை வெளியேற ஒரு பிரீதர் குழாய் உண்டு. இன்றைய வண்டிகளில் அதை ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடையே கொண்டுபோய் இணைத்திருப்பார்கள். சம்பில் ஆயில் மிஞ்சி நுரைத்தால் புகையோடு ஆயிலும் சாரலாகக் கிளம்பும். முதலில் சைலன்சரில் நீலப் புகை தெரியும். மிச்சம், உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் தேங்கும். என்றோ ஒரு நாள் மேம்பாலம் ஏற ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, தேங்கியதெல்லாம் மொத்தமாக உள்ளே போனால் என்ஜின் தானாக ரேஸ் ஆகும். காலை எடுத்தாலும் குறையாது. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலை. என்ஜின் ஓடுவதோ ஆயிலில். வேகம் ஏற ஏறப் பிரீதர் இன்னும் ஆயிலை அனுப்பும். ஆயில் தீரும்வரை, அல்லது கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை ஓடும். அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நடந்தால் சில வினாடிகளில் என்ஜின் காலி. புதிய கார்கள் பலவற்றில் என்ஜினை அணைக்கும்போது காற்று வழியை மூடும் ஒரு தகடு இருப்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு.

எரியக்கூடியது எதுவானாலும் காற்று வழியாக வந்தால் டீசல் அதில் ஓடும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலிய ஆவி கசிந்து பரவியது. அருகே ஸ்டார்ட்டில் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை இழுத்துத் தானாக ரேஸ் ஆனது. தீ அங்கிருந்துதான் பற்றியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. 15 பேர் இறந்தார்கள்.

நம் ஊர் வயல்களில் என்ஜின் இப்படித் தானாக ரேஸ் ஆக வேறொரு வழி உண்டு. பழைய டிராக்டர், பம்பு செட் என்ஜின்களில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணமும், தூசியைப் பிடிக்க அதில் கொஞ்சம் ஆயிலும் இருக்கும். கிண்ணத்தில் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி ஊற்றினால் காற்று அந்த ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். சம்பில் அளவு சரியாக இருந்தும் என்ஜின் தறிகெட்டு ஓடும்.

அப்படி ஓடினால் செய்ய வேண்டியது இது. கியர் வண்டியானால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விட்டுவிடுங்கள். என்ஜின் திணறி நின்றுவிடும். பம்பு செட் என்றால் காற்று வழியை ஒரு பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கவே கூடாது. தளர்ந்த துணியை உள்ளே இழுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் காற்று வழிக்குள் அடிக்கலாம். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் என்ஜின் போனால் போகட்டும், விலகிவிடுங்கள். ஃப்ளைவீலுக்கு நேராக நிற்க வேண்டாம்.

சரி, டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டீர்கள். முதலில் பார்த்தது சரியா என்று பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டால்தான் மேலே சுற்றிய ஆயில் சம்புக்கு இறங்கும். பனியன் வேஸ்ட்டால் ஸ்டிக்கைத் துடைத்து, கடைசிவரை செருகி, எடுத்துப் பாருங்கள். அணைத்த கையோடு பார்த்து, குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுவதால்தான் பல வண்டிகளில் ஆயில் கூடிப்போகிறது. வேறு சிலவற்றில் பழைய ஆயில் முழுதாக வடியாமலோ, ஃபில்டரை மாற்றாமலோ, ஃபில்டரையும் சேர்த்துச் சொன்ன அளவை அப்படியே ஊற்றியிருப்பார்கள்.

எவ்வளவு கூடுதல் என்பதையும் ஸ்டிக்கே சொல்லும். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர். அந்த இடைவெளி 2 செ.மீ. என்றால், மேல் கோட்டுக்கு மேலே 1 செ.மீ. என்பது அரை லிட்டர். ஒரு நூல் அளவு ஏறியிருந்தால் பதற வேண்டாம். அரை லிட்டரைத் தாண்டினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது?

கை தவறி ஊற்றியது என்றால் வேலை சுலபம். டிப் ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூபை இறக்கி, பெரிய சிரிஞ்சால் 200 மில்லி எடுங்கள். மறுபடி அளவு பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 200. டிரெயின் நட்டைத் திறந்து கொஞ்சமாக விடலாம் என்பது கேட்கச் சுலபம். நட்டு கையோடு வந்துவிட்டால் மொத்தமும் கொட்டும், சூடான ஆயில் கையைச் சுடும். எடுத்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் சேருங்கள். அதோடு முடியவில்லை. அதிக அளவோடு வண்டி ஓடியிருந்தால் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே தேங்கியதைத் துடைக்காமல் சம்பை மட்டும் சரிசெய்வது அரைவேலை.

யாரும் ஊற்றாமலே அளவு ஏறுகிறது என்றால் இரண்டில் ஒன்று கலக்கிறது: தண்ணீர் அல்லது டீசல். ஆயில் கலங்கி வெளுத்து, கூலன்ட்டும் குறைந்திருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

டீசல் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பு குறைந்து நீர்த்திருக்கும், மோந்தால் டீசல் வாடை வரும். பழைய என்ஜின்களில் ஒழுகும் இன்ஜெக்டரையோ பம்ப் சீலையோ சந்தேகிக்கலாம். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு புதிய வண்டிகளில் இன்னொரு காரணம் சேர்ந்திருக்கிறது. சைலன்சர் பாதையில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேரும். அதை எரிக்க 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அதற்காகப் பல என்ஜின்கள் வழக்கமான நேரம் தாண்டிக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங்கைத் தாண்டி, சம்பில் இறங்குகிறது. தினமும் பள்ளிக்கூடம், கடை, வீடு என்று ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று, மறுநாள் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழே சேரும். மாஸ்டா தன் டீசல் கார்களின் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே ஓர் ‘எக்ஸ்’ குறி போட்டிருப்பது இதற்காகத்தான். ஆயில் அதைத் தொடுவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

இந்த வண்டியில் சிரிஞ்ச் வைத்தியம் பலிக்காது. கூடுதலை உறிஞ்சினால் கோடு சரியாகும். உள்ளே மிஞ்சியிருப்பதும் நீர்த்த ஆயில்தான். ஃபில்டரோடு மொத்தமும் மாற்ற வேண்டும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால், கையேடு சொல்கிறபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி, எரிப்பை முடிக்க விடுங்கள்.

"நம்ம வண்டி சொட்டு ஆயில் குடிக்காது" என்று பெருமையாகச் சொல்பவர்களும் ஒருமுறை மோந்து பார்ப்பது நல்லது. வயதான என்ஜின் கொஞ்சம் ஆயிலை எரித்துக்கொண்டே, அதே அளவு டீசலைச் சம்பில் வாங்கிக்கொண்டால் கோடு அசையாமல் நிற்கும். ஆயில் மட்டும் மாதா மாதம் நீர்த்துக்கொண்டு போகும்.