இரு மருத்துவமும் ஓர் உடலும்

உடல்நலம் குன்றினால் யாரிடம் செல்வது என்னும் கேள்வி பிறந்த ஊரில் அவ்வளவாக எழுவதில்லை. இன்ன தெருவில் இன்ன வைத்தியர், அவருடைய கைராசி இத்தகையது என்பதை வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருப்பர். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்து குடியேறிய நம்மவர்க்கோ அந்த அறிவு துணைக்கு வருவதில்லை. ஆகவே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இங்குள்ள ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறோம். ஊரிலிருந்து ரயிலேறி வருவோரிடம் சொல்லியனுப்பிச் சூரணமும் லேகியமும் வரவழைக்கிறோம். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒரே உடலுக்குள் செல்கின்றன. ஆயினும் ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சூரணத்தைப் பற்றித் தெரியாது. ஊர் வைத்தியருக்கு மாத்திரையைப் பற்றித் தெரியாது. இந்த மறைவினால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. முதுமையுற்ற பெற்றோரை நம்முடன் அழைத்து வைத்துக்கொண்டிருக்கும் இல்லங்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இருவகை மருத்துவத்தையும் ஒன்றோடொன்று மோதாவண்ணம் நடத்திச் செல்வதை இன்று ஒருங்கிணைந்த மருத்துவம் என்கின்றனர். தமிழ்நாட்டார்க்கு இது புதிய எண்ணமன்று. 1921-இல் சென்னை அரசாங்கம் நியமித்த உஸ்மான் கமிட்டியின் செயலாளராக இருந்த காப்டன் சீனிவாசமூர்த்தி, மேனாட்டு மருத்துவம் பயின்றவர். அந்தக் கமிட்டியின் பயனாக அப்பத்தாண்டிலேயே சென்னையில் தோன்றிய இந்திய வைத்தியப் பள்ளிக்கு அவரே முதல் தலைவரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றனுடன் மேனாட்டு மருத்துவத்தின் அடிப்படைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாகி, இறுதியில் 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக உருமாறிற்று. ஒரு முறையைக் கற்றவர் மற்றதன் மொழியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்கருத்து. நாம் வைத்தியரைத் தேடும்போது கொள்ளவேண்டிய அளவுகோலும் அதுவே.

முதலில் படிப்பையும் பதிவையும் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்திற்குப் பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்திற்குப் பி.ஏ.எம்.எஸ். என்பன பட்டங்கள், பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பட்டம் பெற்றவர் அரசாங்கப் பதிவேட்டில் பதிந்து பதிவு எண் பெற்றிருப்பார். அதனைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பரம்பரை வைத்தியர் என்னும் பெருமை மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே தீர்ப்பளித்துள்ளது. சர்க்கரை, புற்று, வலிப்பு முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. எனவே அத்தகைய விளம்பரத்தைக் கண்டால், அந்த வாயிலை மிதியாதிருப்பதே நன்று.

அடுத்து, அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "இப்போது என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?" என்று கேட்டு, பழைய சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் பார்ப்பவரே நமக்கு வேண்டியவர். அவற்றைப் பாராமலே, "இன்சுலினை இன்றே நிறுத்திவிடுங்கள்" என்றோ, "காசநோய் மாத்திரை இனி வேண்டாம்" என்றோ கூறுபவரிடமிருந்து விலகிவிட வேண்டும். அவ்வாறே, நம் சூரணத்தின் பெயரைக் கேட்டதும் நகைத்துத் தள்ளும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார். ஆகையால் பொறுமையுடன் கேட்பவரையே அங்கும் தேட வேண்டும்.

இவ்வாறு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதிமதுரத்தை மிகுதியாக நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் என்னும் உப்பு குறையும். அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர்க்கு இது கேடு. சிறுகுறிஞ்சான் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைப்பது. மாத்திரையுடன் சேருமானால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

வடநாட்டில் வாழும் நமக்கு இன்னுமொரு தனித் தொல்லை உண்டு; அது பெயர்க் குழப்பம். நம் சீந்திலை இங்கே கிலோய் என்பர், அமுக்கராவை அஸ்வகந்தா என்பர், நிலவேம்பைக் கால்மேக் என்பர், அதிமதுரம் முலேட்டியாகும், சிறுகுறிஞ்சான் குட்மாராகும். ஊர் வைத்தியர் தந்த சீந்தில் சூரணத்தைக் காலையிலும், அண்டை வீட்டார் அன்புடன் அளித்த கிலோய்ச் சாற்றை மாலையிலும் பருகுபவர், ஒரே மூலிகையை இருமுறை உண்கிறோம் என அறியமாட்டார். கிலோய் உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. வாதம் எவ்வாறாயினும், அளவறியாமல் உண்பது அறிவுடைமையாகாது. தமிழ்ப் பெயரையும் இந்திப் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

மருந்தின் மேலுறையையும் படிக்க வேண்டும். சேர்க்கப்பட்ட பொருள்கள், உரிம எண், தயாரித்த நாள், முடிவு நாள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். பெயரின்றிக் காகிதத்தில் மடித்துத் தரும் பொடியை வாங்கலாகாது. பற்பம், செந்தூரம் முதலியவற்றில் பாதரசம் போன்ற உலோகங்கள் சேர்வதுண்டு. தக்க வைத்தியரின் நேர்ப்பார்வையின்றி அவற்றை உண்ணலாகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தாமே கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

எங்கே தேடுவது என்று அன்பர்கள் கேட்கலாம். டில்லியில் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் அரசாங்கச் சித்த மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு உள்ளது. சரிதா விஹாரில் 2017-இல் திறக்கப்பட்ட அகில இந்திய ஆயுர்வேதக் கழகம் இருக்கிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் 2016 முதல் ஒருங்கிணைந்த மருத்துவத்திற்கெனத் தனி மையம் இயங்கி வருகிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், தாம்பரத்தில் 2005-இல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடலாம்.

எவரைத் தேர்ந்தாலும் ஒருவரை முதன்மை மருத்துவராகக் கொண்டு, உண்ணும் மருந்துகளனைத்தின் பட்டியலையும் இருவரிடமும் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தால், மூலிகை மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். அவற்றுள் சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நெஞ்சுவலி, திடீரெனக் கைகால் விழுதல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். முதல் மூன்றைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. நான்காமவர், பெற்றோரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டிய மகனும் மகளும் மருமகளுமே. இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளதை உள்ளவாறே எழுதி வைக்குமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.