பார்சல் டீ கவர் ஏன் போகவில்லை?

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீக்கடையில் கொஞ்சம் நில்லுங்கள். கொதிக்கக் கொதிக்க டீயை மெல்லிய கவரில் ஊற்றி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு, நாலு பேப்பர் கப்போடு நீட்டுவார்கள். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பூசிய கப் உட்பட 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் முதல்வர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் பின்னால் வந்தன. அருமையான முயற்சி, மனதார ஆதரிக்கிறேன். அதன் பிறகும் ஏன் கவர் போகவில்லை?

மஞ்சப்பை இயக்கம் போல, ஆளைக் கட்டாயப்படுத்தாமல், லேசாகத் தூண்டிவிட்டு நல்ல பக்கம் திருப்பும் வழியைப் பற்றி ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் புத்தகம் எழுதினார்கள். தேலருக்கு 2017இல் பொருளாதார நோபலும் கிடைத்தது. ஆனால் தூண்டுதல் எவ்வளவு நாள் தாங்கும்? அமெரிக்காவில், 'அக்கம்பக்கத்து வீடுகளைவிட நீங்கள் இவ்வளவு மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்கிறீர்கள்' என்று வீடுகளுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். ஹன்ட் ஆல்காட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பற்றியது. கடிதம் வந்ததும் செலவு குறைந்தது; சில நாளிலேயே மெல்ல ஏறத் தொடங்கியது. அடுத்த கடிதம் வந்தால் மறுபடி குறையும். இரண்டு வருடம் விடாமல் அனுப்பிய வீடுகளில் மட்டும், கடிதம் நின்ற பிறகும் பலன் சட்டென்று போய்விடவில்லை. வருடத்துக்கு 10 முதல் 20 சதவீதம் என்று மெதுவாகத் தேய்ந்தது. கடிதத்தைப் பார்த்த சூட்டில் விளக்கை அணைப்பது சுலபம். அது கைப்பழக்கமாக, பழைய ஃபிரிட்ஜை மாற்ற, காலம் பிடிக்கிறது.

மஞ்சப்பைக்கும் அதே கதைதான். சுவரில் எழுதியிருக்கும் மஞ்சப்பை வாசகத்தைக் காலையில் படிக்கிறோம். தக்காளி வாங்குவதோ வேலை முடிந்து திரும்பும்போது. பை வீட்டில் ஆணியில் தொங்குகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்குத் தமிழ் வாசகம் போய்ச் சேர்வதும் இல்லை. கடைக்காரர் கவர் இல்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மனம் மாறினாலும் சூழ்நிலை அப்படியே இருக்கிறது.

நீலகிரியைப் பாருங்கள். 2022 மே முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் வீசாதே என்ற அறிவுரைக்கு அசையாத பாட்டில், பத்து ரூபாய்க்குக் கடைக்கே திரும்பி வருகிறது. குடித்தவர் வீசிப் போட்டாலும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு வருவார். யார் மனதையும் தினமும் புதிதாக மாற்றத் தேவையில்லை.

ஓசூர் மாநகராட்சியும் டீக்கடைக்காரர்களும் இதையே தூக்குக்குச் செய்து பார்க்கலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தூக்கில் டீ கொடுங்கள். தூக்கு திரும்பியதும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். விளம்பரப் பலகைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அந்தத் தூக்குகளுக்குக் கொடுங்கள்.