படகு டிரெய்லரின் பிரேக் பேட்: தேய்வதற்கு முன்பே கெட்டுப்போவது ஏன்?

பினாங்கில் படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகிறவர்களுக்குப் பாதைகள் அதிகமில்லை. 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. பெருநிலத்திலிருந்து தீவுக்குப் படகு வர வேண்டுமானால் இரண்டு பாலங்களில் ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். ஒன்று 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம். மற்றது 2014-இல் திறந்து, தீவில் பத்து மாவுங்கில் வந்து முடியும் 24 கிலோமீட்டர் பாலம். பாலத்தில் பிரேக்குக்குப் பெரிய வேலையில்லை. தீவுக்குள் வந்த பிறகுதான் வேலை: பத்து ஃபிரிங்கி தாண்டி தெலுக் பாஹாங் வரையிலான கடலோர வளைவுகள், அங்கிருந்து அணையைக் கடந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலை. இறக்கத்தில் ஒரு டன் படகு பின்னாலிருந்து காரை நெட்டித் தள்ளும்போது டிரெய்லரின் பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

உங்கள் டிரெய்லரில் டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறிய படகுகளின் டிரெய்லர்களில் பிரேக்கே இருக்காது. ஐரோப்பிய வகை டிரெய்லர்களில் பெரும்பாலும் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக்தான். அமெரிக்க வகைகளில்தான் ஆயிலில் இயங்கும் டிஸ்க் பிரேக் அதிகம். சக்கரத்துக்குப் பின்னால் இரும்புத் தட்டும் அதைக் கவ்வி நிற்கும் காலிப்பரும் தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கி உந்துகிறது. அந்த உந்தலில் கொக்கி அமைப்பு கொஞ்சம் உள்ளே அமுங்கி, ஒரு சிலிண்டரில் ஆயிலை அழுத்துகிறது. அழுத்தம் காலிப்பருக்குப் போய், பிஸ்டன் பேடைத் தட்டின்மேல் இறுக்குகிறது.

கார் பேடு ஓடி ஓடித் தேயும். படகு டிரெய்லரின் பேடு பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, துருப்பிடித்துத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கடலில் முங்கி எழுந்து, அடுத்த சில வாரங்கள் வீட்டோரம் ஈரத்தோடு நிற்பதுதான் அதன் வாழ்க்கை. தண்ணீர் வற்றிய நேரத்தில் படகை இறக்கப் போனால் சக்கரம் சேற்றிலும் புதையும். அந்தச் சேறு காலிப்பருக்குள் புகுந்து காய்ந்து கெட்டியாகிவிடும்.

ஆகவே தடிமனை மட்டும் பார்த்து, “இன்னும் ஆறு மில்லிமீட்டர் இருக்கிறதே” என்று திருப்திப்படக் கூடாது. பேடைக் கழற்றிப் பக்கவாட்டில் திருப்பி, தேயும் பாகமும் பின்னாலுள்ள இரும்புத் தகடும் ஒட்டியிருக்கும் கோட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடினால், நகத்தை அதில் நுழைத்துப் பாருங்கள். நகம் உள்ளே போனால் துரு தகட்டிலிருந்து பேடைத் தூக்கிக் கொண்டிருக்கிறது என்று பொருள். ஓர் ஓரத்தைச் சுண்டினால் சில சமயம் முழுத் துண்டும் கையோடு வந்துவிடும். சாலையில் அப்படிக் கழன்றால் அந்தச் சக்கரத்தில் இரும்பும் இரும்பும்தான் உரசும். தேய்ந்த பேடு என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். விரிசல் கண்ட பேடுக்கு எந்த அளவுக் கணக்கும் இல்லை, அன்றே மாற்ற வேண்டும். எப்போதும் ஓர் அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாற்றும் வேலை கடினமானதல்ல. டிரெய்லரைக் காரிலேயே மாட்டி வைத்து, காருக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, பிறகு ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கை நீட்டக் கூடாது. காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளுக்கும் முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் மறுநாள் பாதிப் போராட்டம் மிச்சம். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் சட்டத்தில் கட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பலரும் புதிய பேடைப் போட்டு மூடிவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடியும் அதே பேடை வாங்கப் போகிறார்கள். பழைய பேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பிஸ்டன் பக்கத்துப் பேடு தீர்ந்து, வெளிப்பக்கத்துப் பேடு அப்படியே இருந்தால், காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகியிருக்கின்றன. பேடு ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் அதையே சந்தேகியுங்கள். இரண்டுமே கருகித் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. பேடில் கிரீஸ் வழிந்திருந்தால் பேரிங்கின் சீல் போய்விட்டது. அதைச் சரி செய்யாமல் புதிய பேடு போடுவது காசைக் கடலில் போடுவதுதான்.

பின்களை உருவிப் பாருங்கள். நல்ல பின் விரலால் இழுத்தாலே வரும். சுத்தியல் கேட்கிற பின்னைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதியது வாங்குங்கள். ரப்பர் உறைகளையும் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். பிஸ்டனை ஜி-கிளாம்ப் வைத்து நிதானமாக உள்ளே தள்ளுங்கள். அதற்கு முன் பிளீடர் திருகைக் கொஞ்சம் திறந்து ஒரு குழாயை மாட்டினால், அழுக்கு ஆயில் பின்னோக்கிப் போகாமல் வெளியே வந்துவிடும். எவ்வளவு அழுத்தியும் பிஸ்டன் நகரவில்லையென்றால் காலிப்பரே போய்விட்டது.

கடைக்குப் பழைய பேடைக் கையோடு கொண்டுபோய், புதியதன்மேல் வைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற பேடுகள் காதுப் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் வேறுபடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வைத்த பேடு கிடைத்தால் விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் மற்றது நிற்காது. தட்டில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதையும் அளந்துவிடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். நம்முடைய புழுக்கத்தில் வருடம் ஒருமுறை மாற்றுவது மிகையல்ல. சிலிண்டர் மூடியில் எழுதியிருக்கிற வகையையே ஊற்றுங்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது கொக்கி அமுங்கி பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க, காரின் ரிவர்ஸ் விளக்கு எரியும்போது ஆயிலை மறிக்கும் ஒரு மின் வால்வு உண்டு. ரிவர்ஸில் வண்டி நகர மறுத்தால், பேடைத் திட்டுவதற்கு முன் அந்த ஒயரைப் பாருங்கள்.

புதிய பேடு தட்டோடு பழக வேண்டும். காலியான சாலையில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகக் குறைத்து, இடைவெளி விட்டுச் சில முறை செய்யுங்கள். பிறகு இறங்கி, இரு பக்கத்துச் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பேடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஒன்று மட்டும் ஆறியே இருந்தால் அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை. எண்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

படகை இறக்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். மலை இறங்கி வந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் விட்டால் பேரிங் கூட்டிலுள்ள காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கொஞ்ச நேரம் ஆற விட்டு இறக்குங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரால் காலிப்பரின் உட்புறம் வரை கழுவி, நாலு முறை பிரேக் பிடித்து ஓட்டிக் காயவைத்த பிறகே நிறுத்துங்கள்.