உப்பு உரைக்கும் உண்மை

சென்ற ஆண்டு மதுரையிலிருந்து சித்தி தொலைபேசியில் கேட்டார்: "கதிர் சிகிச்சை முடிந்தும் சித்தப்பாவுக்குக் கட்டி பெருத்துவிட்டதாமே! நீ விஞ்ஞானம் படிக்கிறவன்தானே, காரணம் சொல்லப்பா." தில்லி விடுதியில் நின்றிருந்த எனக்கு நா எழவில்லை. அன்று சொல்ல இயலாததை இன்று நம் சங்க மலரில் எழுதுகிறேன்.

மூளைக் கட்டிகளுள் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. அறுவைக்குப் பின் ஆறு வாரம் கதிரும், உடன் டெமோசோலோமைடு மருந்தும் தருவது 2005 முதல் நிலைபெற்ற முறை. பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். அது பெரும்பாலும் நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு வரையும் படம். கதிரால் திசு வீங்கினாலும், கட்டியே வளர்ந்தாலும் படம் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். எது மெய்யென்று தெளிய இரண்டு மூன்று மாதம் காத்திருக்க நேர்கிறது. நாள்களை எண்ணி வாழும் நோயாளிக்கு அது எத்துணைக் கொடிது!

இங்கேதான் சோடியம் துணைக்கு வருகிறது. உயிரணுவின் சவ்வில் ஓயாது இறைக்கும் ஏற்றம் ஒன்று உண்டு. 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தது அது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும். ஆகவே உயிரணுவுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம். உள்ளே ஏறத்தாழ 12 மட்டுமே.

சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் 80 விழுக்காடு உயிரணுக்களானால் சராசரிச் சோடியம் 38. அவை மடிந்து 60 விழுக்காடானால் 63. கட்டியின் உருவம் சுருங்குமுன்பே உப்பு உயர்ந்து செய்தி சொல்லிவிடும். சிக்காகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கீத் தல்போர்ன் குழுவினர், சிகிச்சை நடக்கும்போதே இவ்வாறு அளந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

தடைகளும் உண்டு. சோடியத்தின் குரல் மெல்லியது. 3 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் 128 மெகாஹெர்ட்ஸில் பேசினால் சோடியம் 34-இல் பேசும். கேட்பதற்குத் தனிச் சுருள் வேண்டும். படமும் சற்றுக் கரடுமுரடாகவே அமையும். மேலும், வீக்கமும் சோடியத்தைக் கூட்டும். ஆதலால் ஒரு படத்தை மட்டும் நம்பாமல், அதே இடத்தை மீண்டும் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். எனவே இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இருக்கிறது.

சித்தப்பாவின் வீக்கம் மூன்றாம் மாதம் தானே வடிந்தது. கட்டி வளரவில்லை. ஆனால் அம்மூன்று மாதமும் சித்தி உறங்கவில்லை. நம்மில் பௌதிகமோ மருத்துவமோ பயிலும் நண்பர் எவரேனும் இத்துறையில் இறங்கினால், இன்னொரு சித்தியின் காத்திருப்பு சில வாரங்களாகக் குறையலாம்.