இசைவிக்கத்தக்க நுண்ணலைப் பரப்புகளில் பெர்ரோமின் மென்படலம்

இசைவிக்கத்தக்க நுண்ணலைப் பரப்பு என்பது, தன்மீது படும் நுண்ணலையைத் திருப்பி அனுப்பும் விதத்தை மின்னழுத்தத்தால் மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஆகும். வெறும் உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையின் கட்டம் 180 பாகை மாறுகிறது. தகட்டின் மேல் மின்காப்புத் தளம் ஒன்றை வைத்து, அதில் சிறிய உலோகத் திட்டுகளை வரிசையாகப் பதித்தால், திட்டுகளுக்கு இடையிலான இடைவெளி மின்தேக்கியாகவும் அடித்தளம் மின்தூண்டியாகவும் செயல்படும். இவற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அலை கட்டம் மாறாமலேயே திரும்பும். 1999இல் டேனியல் சீவன்பைப்பரும் உடன் பணியாற்றியோரும் விவரித்த உயர் மின்மறுப்புப் பரப்பு இவ்வகையினது.

மின்தேக்குதிறனை மாற்றினால் ஒத்ததிர்வு நகரும். அது பாதியாகக் குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 1.41 மடங்காகும்; 10 கிகாஹெர்ட்ஸ் 14 கிகாஹெர்ட்ஸ் ஆகும். ஒவ்வொரு திட்டிலும் கட்டத்தைத் தனித்தனியே மாற்ற முடிந்தால், எந்தப் பகுதியையும் அசைக்காமல் அலைக்கற்றையைத் திருப்பலாம்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது பேரியம் ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட். மின்புலம் கூடும்போது இதன் மின்காப்பு மாறிலி குறைகிறது. தூய பேரியம் டைட்டனேட்டின் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ். பேரியத்தில் சுமார் பாதியை ஸ்ட்ரோன்சியத்தால் மாற்றினால் அது அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கும். ஆகவே இப்படலம் வேலை செய்வது பெர்ரோமின் நிலையில் அன்று. பெயர்தான் அப்படி நிலைத்துவிட்டது. தன்முனைவு இல்லாத அந்நிலையில் தயக்கம் தோன்றாது, இழப்பும் குறைவு.

படலம் மெல்லியதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோமீட்டருக்கு 20 வோல்ட் மின்புலம் தேவை என்றால், அரை மில்லிமீட்டர் தடிமனான தட்டுக்கு 10,000 வோல்ட் வேண்டும்; அரை மைக்ரோமீட்டர் படலத்துக்கு 10 வோல்ட் போதும். கசிவு மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் நிலையாக வைத்திருக்க மின்திறன் ஏறக்குறைய செலவாவதில்லை.

சிக்கல் இழப்பில்தான் இருக்கிறது. கட்டம் மிக விரைவாக மாறுவது ஒத்ததிர்வுக்கு அருகில். மின்தேக்கியில் புலம் உச்சம் அடைவதும் அங்கேதான். எனவே பரப்பு மிகவும் பயன்படும் அதிர்வெண்ணிலேயே படலம் அலையின் ஆற்றலை மிகுதியாக விழுங்குகிறது. அடித்தளத்தைத் தடிமனாக்கினால் இழப்பு குறையும். ஆனால் அதே மின்னழுத்தத்துக்குக் கிடைக்கும் கட்ட மாற்றமும் குறைந்துவிடும். குறைகடத்தி மாறுமின்தேக்கி டையோடுகளின் இழப்பு அதிர்வெண்ணுடன் ஏறிச் செல்வதால், தாழ்ந்த அதிர்வெண்களில் அவற்றிடம் பின்தங்கும் படலம், பல பத்து கிகாஹெர்ட்ஸ் எல்லையில் போட்டியிடக்கூடியதாகிறது.

தயாரிப்பும் எளிதன்று. நல்ல படிகத் தரம் பெற, பொதுவாக 600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகிறது. சாதாரண அச்சிட்ட சுற்றுப் பலகை அதைத் தாங்காது. நீலமணிக் கல், மக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகத் தளங்களில் படலம் வளர்க்கப்படுகிறது. பெரிய பரப்புகளின் விலை உயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.